வெள்ளைப் பூனை ஏழு நொடி நின்றது

ஒரே ஒரு ஊராம், அந்த ஊரில் ஒரே ஒரு பெட்டியாம், பெட்டிக்குள் இரண்டு பூனையாம். ஒன்று ஓட, மற்றது கூடவே ஓடுமாம். ஒன்றுக்கு உயிர் உண்டாம், ஒன்றுக்கு இல்லையாம். ம் சொல்லுங்க ஏட்டம்மா. எங்கள் வீட்டில் கதைக்கு ம் கொட்டாதவர்களுக்குச் சோறு கிடையாது.

எங்கள் தடயவியல் ஆய்வகத்தில் நீங்கள் கொண்டுவந்த பிரிண்டருக்கு ரசீது கொடுக்க இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். அரக்கு முத்திரையை ஒப்பிட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், எங்கள் அதிகாரி ஜெசிந்தா மேடம் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் சாப்பிடப் போயிருக்கிறார். அதுவரை இப்படிக் கிட்டே வந்து உட்காருங்க. எனக்குச் சத்தமாகப் பேச வராது.

"இங்க பூனை கேஸ் பார்த்த தம்பி யாரு?" என்று வாசலில் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள் அல்லவா? நான்தான். கோயம்புத்தூரில் இருந்துகொண்டே உங்கள் ஸ்டேஷன் வரைக்கும் என் பேர் போயிருக்கிறது, பாருங்க. என்ன சொன்னார்கள்? சரி, சொல்ல வேண்டாம். நல்லதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது இதுதான். உடுமலைப் பக்கம் ஒரு குடியிருப்பு. மூன்று மாடி. அதற்குச் செயலாளர் மயில்சாமி என்று ஒருவர். புதுக் கார் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்குக் காரைத் துடைத்து, சுற்றி வந்து பார்த்து, மறுபடி துடைத்துவிட்டு மேலே போயிருக்கிறார். பத்து நிமிஷத்தில் 'தொம்'. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் வெள்ளைக் கார் மஞ்சள் கார் ஆகியிருக்கிறது. ஒரு வாளி பெயிண்ட், அப்படியே கூரைமேல்! படிக்கட்டுப் பக்கம் ஒரு பெண் ஓடுகிறாள்.

"மூணாவது மாடி பூங்கோதை" என்று மயில்சாமி எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏன் பூங்கோதை? முந்தின வாரக் கூட்டத்தில் எழுந்து, "தண்ணித் தொட்டி கழுவி எட்டு மாசமாச்சு, செயலாளர் ஐயா ஒரு தடவை ஏறிப் பார்த்தாரா?" என்று கேட்டது பூங்கோதை. தானே ஏறி, தொட்டிக்குள் செத்துக் கிடந்த ஓணானைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியதும் பூங்கோதைதான்.

இப்போது கவனமாகக் கேளுங்க. பூங்கோதைக்கு இருபத்தைந்து வயது. தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலர் வேலைக்குத் தேர்வாகி, உடல் தகுதி, மருத்துவம் எல்லாம் முடித்து, ஏப்ரல் பதினைந்தாம் தேதி சென்னையில் வேலையில் சேர ஆணை வந்திருந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீருடை வேலை. தலைக்கு மேல் ஒரு வழக்கு தொங்கினால் அந்த வாசலை மிதிக்க முடியாது. மூன்று வருஷம் படித்த படிப்பு, ஓடிய ஓட்டம், எல்லாம் ஒரு வாளி மஞ்சள் பெயிண்டில் போய்விடும்.

"அந்த நேரத்துல எங்கம்மா இருந்தே?" என்று ஸ்டேஷனில் கேட்டிருக்கிறார்கள்.

"வீட்ல கேம் ஆடிட்டிருந்தேன் சார்."

"கூட யாரு?"

"அப்பா அம்மா கோபியில கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. நான் மட்டும்தான்."

"யாரு சாட்சி?"

"பூனைதான் சார்."

கிண்டல் பண்ணுகிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். அது கிண்டல் இல்லை. அந்த விளையாட்டே பூனைதான். ஒரு கறுப்புப் பூனை ஓட்டு வீடுகளின் கூரைமேல் ஓடி, தாவி, தொங்கி, ஊர்க் கோடியில் இருக்கிற மணிக்கூண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆட வேண்டும். பூங்கோதையின் வக்கீல் மனுப் போட்டார், மாஜிஸ்திரேட் அம்மா உத்தரவு போட்டார், கேம் பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். என் மேஜைக்கு வந்தது. துணியைப் பிரித்ததும் எனக்குக் கை பரபரவென்று இருந்தது. ஆர்வம் ஏட்டம்மா, வேலை ஆர்வம்.

கம்ப்யூட்டர் என்றால் டிஸ்கைக் கழற்றிப் படித்துவிடலாம். கேம் பெட்டி அப்படி இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் பூட்டு. அந்தப் பெட்டியே திறந்து காட்டினால்தான் உண்டு. அதனால் டிஸ்கை அச்சு அசலாக நகல் எடுத்து, அசலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நகலைப் பெட்டியில் மாட்டி, இன்டர்நெட் இல்லாமல், சாதாரண மனுஷன் மாதிரி ஸ்விட்சைப் போட்டு, டிவியில் பார்க்க வேண்டும். திரையைக் கேமரா எடுத்துக்கொண்டே இருக்கும். அமுக்குகிற ஒவ்வொரு பொத்தானையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். 'மேல். கீழ். சரி.' நேரம் போட்டு. தும்மி, விரல் பட்டுவிட்டால் அதையும். இது மேடத்தின் சட்டம். "நீ என்ன பண்ணினேன்னு நாளைக்கு உன்னைக் கேக்க மாட்டாங்க நிமலன், குறிப்பேட்டைக் கேப்பாங்க" என்பார்.

முதலில் பெட்டியின் கடிகாரம் பார்த்தேன். நான்கு நிமிஷம் மெதுவாக ஓடியது. குறித்துக்கொண்டேன். பிறகு பூனையைத் திறந்தேன். அன்று, அந்த ஞாயிற்றுக்கிழமை, சரியான நேரத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டால், இரண்டு முப்பத்தெட்டுக்கு ஆட்டம் ஆரம்பம், இரண்டு ஐம்பத்தேழுக்கு முடிவு. நடுவில் நிறுத்தவே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். ஏட்டில் அதை எழுதவில்லை, பொத்தான் எதுவும் அமுக்கவில்லையே.

அதோடு பெட்டியை மூடி அறிக்கை எழுதியிருக்கலாம். எழுதியிருக்க வேண்டும் என்று மேடம் இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் கீழே ஒரு வரி இருந்தது: 'சிறந்த ஓட்டத்துடன் ஓடிப் பார்க்கவும்.'

இந்த மாதிரி விளையாட்டில் ஒன்று உண்டு ஏட்டம்மா. நீங்கள் எப்போதாவது மிக நன்றாக ஓடியிருந்தால், அந்த ஓட்டத்தைப் பெட்டி அப்படியே மனசில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு தாவலும். அடுத்த தடவை ஆடும்போது, அந்தப் பழைய ஓட்டம் வெள்ளையாக, ஆவி மாதிரி, பக்கத்தில் ஓடி வரும். பூங்கோதையின் சிறந்த ஓட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்தான். அதை உண்மையா என்று சோதிக்க வேண்டாமா? நான் சோதித்தேன்.

பதினோரு தடவை சோதித்தேன்.

அடடா, அந்த வெள்ளைப் பூனை ஓடுகிற அழகை நீங்கள் பார்க்கணும்! வால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், ஓட்டுமேல் கால் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. நான் எட்டு வயசிலிருந்து ஆடுகிறவன். மூன்றாவது கூரையில் விழுந்தேன். ஐந்தாவதில் விழுந்தேன். பால் பூத்மேல் விழுந்தேன். ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விட்டேன். போனால், ஏட்டம்மா, அங்கே அந்த வெள்ளைப் பூனை நின்றுகொண்டிருக்கிறது. சும்மா. அசையாமல். ஏழு நொடி. அவ்வளவு வேகமாக ஓடுகிற பூனை எதற்காக நிற்க வேண்டும்? பிறகு ஒரே தாவு, தெருவைத் தாண்டி அந்தப் பக்கம். நான் தாவினேன், விழுந்தேன்.

தப்பாக நினைக்காதீங்க. எனக்கு அந்தப் பெண்மேல் ஒன்றும் கிடையாது. முகத்தைக்கூட அப்போது பார்த்ததில்லை. வீட்டில் சாப்பிடும்போது அந்த ஏழு நொடி ஞாபகம் வரும், அவ்வளவுதான். பஸ்ஸில் ஞாபகம் வரும். பல் விளக்கும்போது வரும். அறிவியல் அப்படித்தான், மண்டையை விட்டுப் போகாது.

மார்ச் மாதம் சாட்சி சொல்ல உடுமலைக்குப் போனோம். புதுச் சட்டை போட்டிருந்தேன். கூண்டில் ஏறியதும்தான் பூங்கோதையை முதல்தடவை பார்த்தேன். நீல சுடிதார், இறுக்கிப் பின்னிய ஜடை, பக்கத்தில் அவருடைய அப்பா. அவர் என் அறிக்கையின் நகலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

அரசு வக்கீல் சபாபதி ஐயா எழுந்தார். கையில் என் ஏடு.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்கய்யா."

"சத்தமா சொல்லுங்க."

"ஆமாங்கய்யா."

"இன்னும் சத்தமா."

மாஜிஸ்திரேட் அம்மா நிமிர்ந்து, "அவருக்கு அவ்வளவுதான் வரும் போலிருக்கு. நீங்க கிட்ட போய்க் கேளுங்க" என்றார்.

அவர் கிட்டே வந்தார். ஆனால் ஏட்டை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார். "பதினொன்று நாற்பத்திரண்டு. வலது. வலது. தாவல். பூனை விழுந்தது. பதினொன்று ஐம்பது. வலது. வலது. தாவல். பூனை விழுந்தது. பன்னிரண்டு மணி. வலது. தாவல். பூனை பால் பூத்தில் விழுந்தது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மூன்று பத்து. வெள்ளைப் பூனை தொட்டிமேல் நிற்கிறது. ஏழு நொடி. நான் வந்து சேரட்டும் என்று நிற்கிறது போலும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஆய்வுக் குறிப்பா தம்பி, காதல் கடிதமா?"

"குறிப்புங்கய்யா. நேரம் போட்டிருக்கேன் பாருங்க."

கோர்ட்டே சிரித்தது. கோர்ட் டவாலி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோருக்கும் என்னைப் பிடித்துப்போய்விட்டது, நன்றாகவே தெரிந்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பூங்கோதை. இன்னொருவர் ஜெசிந்தா மேடம். அவர் வாசல் பக்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார், வெயில்.

சபாபதி ஐயாவும் சிரிப்பை நிறுத்தினார். "கனம் கோர்ட்டார் அவர்களே, சோதிக்கக் கொடுத்த பொருளை இவர் மணிக்கணக்கா விளையாடிக் கெடுத்திருக்கார். பெட்டியில இருக்கிறது இவர் ஆட்டமா, அந்தப் பெண்ணோட ஆட்டமான்னு இனிமே யாரு சொல்றது? இதைச் சாட்சியமா ஏத்துக்கக் கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அப்பாவின் கை அறிக்கைமேல் அப்படியே நின்றுவிட்டது. ஏப்ரல் பதினைந்துக்கு இருபத்தெட்டு நாள்தான் இருந்தது.

"ஐயா, நான் ஆடினது நகல்லதாங்கய்யா," என்றேன். "அசல் பீரோவுல பூட்டி இருக்கு. முதல்ல எடுத்தப்போ அதுக்கு ஒரு நம்பர் போட்டோம். உள்ள ஒரு புள்ளி மாறினாலும் நம்பர் மாறிடும். நேத்து மறுபடி பார்த்தேன், அதே நம்பர்தான்." மேடம் எழுந்து அந்த இரண்டு நம்பரும் இருந்த தாள்களை நீட்டினார். மாஜிஸ்திரேட் அம்மா எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அறுபத்துநான்கு எழுத்து. அந்த நேரத்துக்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சரியா இருக்கு. மேல கேளுங்க."

சபாபதி ஐயா விடுகிற ஆள் இல்லை. "சரி, யாரோ ஆடியிருக்காங்க. பெட்டிக்கு முகம் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

"அப்போ இவங்க கீழ போய்ப் பெயிண்ட் ஊத்தினப்போ, சித்தி பையன் எவனாவது உட்கார்ந்து ஆடியிருக்கலாம்?"

"முடியாதுங்கய்யா."

"ஏன் முடியாது?"

இந்த இடத்தில்தான் ஏட்டம்மா நான் பெரிய தியாகம் செய்தேன். "எட்டு வயசிலேர்ந்து ஆடுறேங்கய்யா. பதினோரு தடவை முயற்சி பண்ணினேன். என்னாலயே முடியல." எங்கள் தெருவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் என் மானம் என்ன ஆகும்!

"அது உங்க திறமைக் குறைவு," என்றார் அவர்.

மாஜிஸ்திரேட் அம்மா பேனாவை உருட்டிக்கொண்டே, "இந்த வெள்ளைப் பூனையை நானும் பார்க்கலாமா?" என்று கேட்டார். "கூடவே அந்தப் பொண்ணு இங்க ஆட முடியுமா?"

பூங்கோதையின் வக்கீல் பதறிப்போய்க் குனிந்து, "வேண்டாம்மா, நாலு மாசமா தொடவே இல்ல, இங்க விழுந்தா எல்லாம் போச்சு" என்றார். எனக்கே கேட்டது. அந்த வக்கீலுக்கு மெதுவாகப் பேச வராது.

பூங்கோதை எழுந்து நின்றார். "ஆடுறேங்கம்மா."

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆட்டம். கிளார்க் அறையிலிருந்து டிவி வந்தது. எந்த வழக்குக்கோ வந்தவர்களெல்லாம் ஜன்னலில் தொங்கினார்கள். ஒரு நில வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஒரே பெஞ்சில் ஏறி, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்! நகலை மாட்டி, கன்ட்ரோலரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏட்டில் எழுதினேன்: 'மூன்று மணி இரண்டு நிமிடம். கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.'

மணி அடித்தது. பூனைகள் ஓடின.

முதல் கூரையிலேயே வெள்ளை முன்னால் போய்விட்டது. கறுப்பு தடுமாறுகிறது. மூன்றாவது கூரையில் ஓடு சரிந்து, கறுப்புப் பூனை ஒற்றைக் காலில் தொங்கியது. "ஐயையோ" என்றது கோர்ட். சபாபதி ஐயாவும்தான் சொன்னார், நான் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பூனை ஒரு நொடி தொங்கியது, இரண்டு நொடி தொங்கியது, எக்கி மேலே ஏறிவிட்டது.

அதற்கப்புறம் என்ன நடந்ததோ, பூங்கோதையின் தோள் இறங்கியது. எட்டாவது கூரையில் கறுப்பு வெள்ளையின் வாலைத் தொட்டது. பால் பூத்தில் பக்கத்தில் வந்தது. அதைத் தாண்டினால், ஏட்டம்மா, இரண்டு பூனை இல்லை, ஒரே பூனைதான்! வெள்ளை எங்கே தாவுகிறதோ அங்கேயே கறுப்பும், குனிகிற இடத்தில் குனிந்து, வளைகிற இடத்தில் வளைந்து. ஒரு பூனைமேல் இன்னொரு பூனையைச் சட்டை மாதிரி போட்டுவிட்ட மாதிரி. ஜன்னலில் விசில் அடித்தார்கள். டவாலி "சைலன்ஸ்!" என்று கத்திவிட்டு, அவரே கை தட்டினார்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. வெள்ளை நின்றது. கறுப்பும் நின்றது. எனக்கு நெஞ்சு நின்றது.

பூங்கோதை கன்ட்ரோலரை மடியில் வைத்தார். இடது உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தார். வலது உள்ளங்கையைத் துடைத்தார். எடுத்தார். இரண்டு பூனையும் ஒரே நேரத்தில் தாவின.

மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மணிக்கூண்டில் ஏறி முடித்தபோது வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை.

"தொட்டிகிட்ட எதுக்கும்மா கையைத் துடைச்சே?"

"கை வேர்த்துடுங்கம்மா. அதுக்கப்புறம் நீளத் தாவல். வழுக்கினா விழுந்துடும். எப்பவும் துடைச்சுட்டுத்தான் தாவுவேன்."

கோர்ட் மொத்தமும் 'ஓ' என்று தலையாட்டியது. சரி, வேர்க்கும்தான். எல்லோருக்கும் வேர்க்கும். ஆனால் அதற்கு ஏழு நொடி வேண்டுமா? நான் வீட்டில் கையைத் துடைத்துப் பார்த்தேன். நாலு நொடிதான் ஆகிறது. மீதி மூன்று நொடிக்கு அந்தப் பெண் கோர்ட்டில் விளக்கம் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

சபாபதி ஐயா கடைசியாக ஒன்று முயன்றார். "அம்மா, அந்த ஏழு நொடியில கீழ போய்ப் பெயிண்ட்..." என்று ஆரம்பித்து, மூன்று மாடியை மனசுக்குள் ஏறி இறங்கிப் பார்த்தாரோ என்னவோ, அவரே சிரித்து உட்கார்ந்துவிட்டார்.

மயில்சாமியைக் கேட்டார்கள். "முகத்தைப் பார்த்தீங்களா?"

"ஜடையைப் பார்த்தேங்கம்மா."

"முகத்தை?"

"ஜடைன்னா... இதே நீளம்தாங்கம்மா." அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அங்கே எட்டு ஜடை தொங்கிக்கொண்டிருந்தது.

பெயிண்ட் ஊற்றியது யார் என்று கேட்கிறீர்களா? அது எங்கள் ஆய்வுக்கு அனுப்பப்படவில்லை ஏட்டம்மா.

திரும்பி வருகிற வழியில் மேடம் பல்லடத்தில் டீ வாங்கினார். குடித்துவிட்டு, "இனிமே நீ பிரிண்டர் பிரிவைப் பார்த்துக்க நிமலன். முழுப் பொறுப்பும் உன்னுது" என்றார். "பிரிண்டர்ல விளையாட ஒண்ணும் இல்ல." அவ்வளவு நம்பிக்கை என்மேல். அதனால்தான் இன்று உங்கள் பிரிண்டர் என் கைக்கு வந்திருக்கிறது.

தீர்ப்பு ஏப்ரல் பதின்மூன்று. சாட்சி சொன்னவன் தீர்ப்புக்குப் போக வேண்டியதில்லைதான். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மாஜிஸ்திரேட் அம்மா படித்தார், பூங்கோதை குற்றவாளி இல்லை, பெட்டியை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் என்றுகூடச் சொல்லவில்லை, ஏட்டம்மா. சுத்தமாக, குற்றவாளி இல்லை! அப்பா அந்த இடத்திலேயே சட்டைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். வக்கீல் நகலுக்கு ஓடினார். மறுநாள் சித்திரை ஒன்று, லீவு, அன்றே வாங்கினால்தான் உண்டு. நாலரை மணிக்குக் கையில் வந்துவிட்டது.

நான் கோர்ட் வாசல் படியில் நின்றேன். நாலு மாசமாக ஒரு வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தேன். முதலில் மயில்சாமி வந்தார், யாரையும் பார்க்காமல் மஞ்சள் இன்னும் போகாத காரில் ஏறிப் போனார். வக்கீல் ஸ்கூட்டரில் போனார். அப்பா சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க முன்னால் போனார். சபாபதி ஐயா என் தோளைத் தட்டி, "பூனை சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்பான மனுஷன்.

கடைசியாகப் பூங்கோதை வந்தார். இடுப்பில் குடம் மாதிரி கேம் பெட்டி. ஒரு கையில் பை. தீர்ப்பு நகலைப் பல்லில் கவ்வியிருந்தார். என் எதிரே வந்து நின்று, பையைக் கீழே வைத்து, நகலை வாயிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்தார். நேராக என்னை.

"சார், கொஞ்சம் வழி விடுங்க. நாளன்னிக்குக் காலைல ஒம்போது மணிக்குச் சேரணும்."

விட்டேன். வாழ்க்கையில் யாருக்கும் அவ்வளவு நன்றாக நான் வழி விட்டதில்லை.

படி இறங்கி, வேப்பமரம் தாண்டி, கேட் வரைக்கும் போனார். கேட்டில் திரும்பிப் பார்த்தார். லாரி வருதான்னு பார்த்திருப்பாங்க என்று மேடம் சொல்கிறார். லாரி வந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. லாரி போனதும் சாலையைக் கடந்து, நகலை மறுபடி பல்லில் கவ்விக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்து போனார்.